இருமுகிற சுவருக்கு வெள்ளையடித்தது

முதலில் இருமல்தான் கேட்டது. நெஞ்சின் அடியில் கொக்கியைப் போட்டு எதையோ மாட்டி இழுத்து, இழுத்தது பாதி வழியில் நழுவி, மறுபடியும் கொக்கியைப் போடுகிற இருமல். ராத்திரிக் காவல் முடிந்து வந்து சுவரோரக் கட்டிலில் படுத்திருந்த நான், கிட்டண்ணனுக்கு இன்றைக்குக் கொஞ்சம் அதிகம்தான் என்று கண்ணைத் திறக்காமலே நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தேன். புரண்ட பிறகுதான், கிட்டண்ணனை முந்தின வாரம் நாங்களெல்லாம் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் இறக்கி, ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

எங்களுடையது மில் லைன் வீடு. நீண்ட ஓட்டுக் கூரை ஒன்றின் கீழே ரயில் பெட்டியைத் தடுத்ததுபோல் தடுத்துவிட்ட வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் காரை உதிரும். செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். மில்லை மூடிப் பல வருஷமாகிவிட்டது, இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள், மிச்சமிருந்த வெறும் கொட்டகையையும் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாதே என்று என்னை ராத்திரிக் காவலுக்கு வைத்திருந்தார்கள். ஆகவே ஊர் விழித்திருக்கும்போது தூங்குகிறவன் லைனில் நான் ஒருவன்தான். அந்தச் சுவரை முதலில் கேட்டவனும் நான்தான் என்று நினைத்தேன்.

எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனால், கிட்டண்ணனின் சம்சாரம் நாகரத்தினக்கா எனக்கு முன்னாலேயே சுவரில் காதை வைத்து நின்றிருந்தது. கையில் ஒரு வெல்லக்கட்டி. கிட்டண்ணன் மில்லில் ப்ளோரூம் ஆள். பொதிப் பஞ்சை உடைத்து உதறி ஊதுகிற இடம் அது. உள்ளே போனவன் வெளியே வரும்போது புருவம் நரைத்து வருவான். நானும் மூடுகிறவரைக்கும் அங்கேதான் இருந்தேன். ஷிப்ட் விட்டதும் வெல்லம் தின்றால் தொண்டைப் பஞ்சு வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை, அதனால் ப்ளோரூம் ஆள் வீட்டில் உப்பு இல்லாத நாள் உண்டு, வெல்லம் இல்லாத நாள் கிடையாது.

"உங்களுக்கும் கேக்குதுங்களா தம்பி?" என்றது அக்கா.

ஆமாங்க்கா என்றேன்.

"அப்ப எனக்குக் கிறுக்கு இல்லீங்" என்று சொல்லி, காலண்டர் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே சுவரில் இருந்த மாடக்குழியில் வெல்லத்தை வைத்துவிட்டு, அடுப்பில் உலை கொதிக்கிறதென்று போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தராக வந்து காதை வைத்துப் பார்த்தார்கள். கிட்டண்ணன்தான், சந்தேகமில்லை, மூன்றாவது இழுப்பில் ஒரு விக்கல் வருமே, அது வேறு யாருக்கும் வராது என்றார்கள். உயிரோடு இருந்தபோது சம்பளத்தன்றுகூட நேரத்துக்கு வீடு வந்து சேராத மனுசன், இப்பப் பாரு, ஊட்டை விட்டு நகர மாட்டீங்கறாரு என்று கடைசி வீட்டுச் சவரியப்பண்ணன் சொன்னபோது, துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்த பெண்கள், முதலில் நாகரத்தினக்கா சிரித்ததால் தாங்களும் சிரித்தார்கள். சுவரும் ஒரு தரம் இருமியது. சிரித்தால் அவருக்கு இருமல் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதன் பிறகு அது ஒரு விஷயமாகவே இல்லாமல் போய்விட்டது. ஷிப்ட் மாறுகிற நேரமெல்லாம் அவர் இருமல் தவறாமல் உரத்துக் கேட்டதால், மில் சங்கு நின்று போனதிலிருந்து நேரம் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்த லைன், பழையபடி பொழுதை நிமிர்த்தி வைத்துக்கொண்டது. கிட்டண்ணன் இருமியாச்சு, இன்னும் குளிக்கப் போகலையா என்று பிள்ளைகளை அதட்டினார்கள், கிட்டண்ணன் இருமின பிறகுதான் பொதுக்குழாயில் தண்ணீர் வந்தது, அல்லது வந்ததாக எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். காலண்டர் ஆணி ஒருநாள் இருமலில் தெறித்து விழுந்தது, அது விட்டுப்போன ஓட்டை வழியாக ஒவ்வொரு இருமலுக்கும் கொஞ்சம் பஞ்சு வெளியே வந்தது, சாம்பல் பூத்த நல்ல நீள இழைப் பஞ்சு; அக்கா அதைக் காலையில் பெருக்கி எடுத்து முறத்தில் போட்டுப் புடைத்துத் தொடையில் வைத்து உருட்டித் திரியாக்கியது, அந்தத் திரியில்தான் லைனில் பாதி வீடுகளில் விளக்கு எரிந்தது, சவரியப்பண்ணன்கூட இரண்டு திரி வாங்கிப்போய் மாதா படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு வைத்தார்.

சங்கத்து ஆட்களும் வந்தார்கள். கிட்டண்ணனுக்கு வந்தது மில் பஞ்சால் வந்த நோயில்லை, சாதாரணச் சளிதான் என்று மில்லின் டாக்டர் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்ததால், இந்தச் சுவரைக் கோர்ட்டில் கேட்கவைத்தால் போதும் என்று அவர்களுக்கு ஒரே வேகம். வக்கீல் ஒருவரைக் கூட்டிவந்து காதை வைக்கச் சொன்னார்கள். அவர் வெகுநேரம் கேட்டார். கேட்டுவிட்டு, வெள்ளைச் சட்டைத் தோளில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு, சாட்சி கோர்ட்டுக்கு வரவேண்டும், கோர்ட்டு சாட்சியிடம் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத்து ஆட்கள் அதற்கப்புறம் வரவில்லை. நாகரத்தினக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. இருந்தப்பவே கேக்கலையாம், இப்பச் சுவத்துக்குள்ள இருந்து கேட்டா மட்டும் கேட்டுப்போட்டுத்தான் மறுவேலை பாப்பாங்களாக்கும் என்றது.

அந்தக் கோடையில்தான் இருமல் தாங்க முடியாமல் போனது. வெயில் ஏற ஏறச் சுவர் காய்ந்தது, காயக் காய அவர் இருமினார், பகலெல்லாம் எனக்குத் தூக்கமில்லை, அக்காவுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. என்ன செய்வதென்று லைன் கூடிப் பேசியது. அதில் பேச என்ன இருக்கிறது, பஞ்சு மில் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காற்று காய்ந்தால் இழை அறும், தூசி பறக்கும், கூரைக் குழாயிலிருந்து புகைபோலத் தண்ணீரைத் தூவினால் இழை நிற்கும், பறந்த பஞ்சு படியும். நாங்கள் எந்தக் கஷ்டத்துக்கும் முதலில் தண்ணீர் தெளிக்கிற ஜனம். ஆளுக்கொரு கோணிச்சாக்கைக் கொண்டுவந்து நனைத்துச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டோம், என் பக்கமும் தொங்கவிட்டேன், குழாயில் தண்ணீர் வரும்போது வீட்டுக்கு முதல் குடம் என்பதுபோய் கிட்டண்ணனுக்கு முதல் குடம் என்றானது. அன்றைக்கே இருமல் தணிந்தது. மறுநாள் முனகலாகக் குறைந்தது. அதற்கு மறுநாள் அவர் மூச்சு விடுகிறது மட்டும் கேட்டது, சாக்குக்குப் பின்னால், தூங்குகிற பிள்ளையின் மூச்சுபோல. லைனுக்கே பெருமையாக இருந்தது. நாகரத்தினக்கா முதல் தடவையாக மத்தியானத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்து தின்றதை நான் பார்த்தேன்.

மண் சாந்தில் கட்டிய சுவர் அது என்பதை எங்களில் ஒருத்தரும் நினைக்கவில்லை.

மழைக்காலம் போய்ப் பனி வந்தபோது, மில் இடத்தை விற்றாயிற்று, லைனைக் காலி செய்யவேண்டும் என்று தகவல் வந்தது. ஊருக்கு வெளியே, பஸ் நின்று போகிற இடத்துக்கும் அப்பால், அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். ஆனால் லைனில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டைக் காலி செய்தாலும் ஆணியெல்லாம் பிடுங்கி, குழிகளை அடைத்து, பழைய பூச்சைச் சுரண்டி, நாலு சுவருக்கும் வெள்ளையடித்துக் காட்டினால்தான் குடியிருப்புக் கிளார்க் நஞ்சப்பன் சாவியை வாங்குவார். இந்தச் சாவியை வாங்கினால்தான் அந்தச் சாவியைத் தருவார். இடிக்கப்போகிற சுவருக்கு வெள்ளை எதற்கு என்று சவரியப்பண்ணன் கேட்டே விட்டார்.

"இடிக்கறது வாங்கினவனோட வேலைங்க" என்றார் நஞ்சப்பன். "வெள்ளையடிக்கறது நம்ம வேலை."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் அப்பாவும் அதே வேலையில் இருந்தவர், வேறு மாதிரிச் சாவி வாங்க அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் வேறு மாதிரிக் கொடுக்கத் தெரியவில்லை. ஆகவே சாகப்போகிற மாட்டைக் குளிப்பாட்டுகிறதுபோல லைன் முழுக்க வேலை நடந்தது. வாசலுக்கு வாசல் தொட்டியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள், அது கொதித்துச் சீறியது, வஜ்ஜிரப் பசையும் ஒரு பிடி உப்பும் துளி நீலமும் போட்டுக் கலக்கினார்கள், ஆணிக் குழிகளைச் சோப்பைத் தேய்த்து அடைத்தார்கள், அடுப்புக் கரியைச் சுரண்டினார்கள், பிள்ளைகள் கிறுக்கியதைச் சுரண்டினார்கள், கல்யாண நாளைக் கரியால் எழுதி வைத்திருந்த சுவரைச் சுரண்டினார்கள், சுரண்டச் சுரண்டக் கீழே அதற்கு முந்தின குடும்பத்தின் நீலம், அதற்குக் கீழே அதற்கும் முந்தினவர்களின் காவி. அடித்து முடித்த வீடு ஒரு நாள் பளபளவென்று யாரும் இல்லாமல் நிற்கும். அந்த வீட்டு ஜனம் குட்டியானை வண்டியில் பாத்திரத்தோடு உட்கார்ந்து போய்விடும். சவரியப்பண்ணன் போகிற அன்றைக்கு நாகரத்தினக்கா வீட்டுக்கு வந்து சாக்கை விலக்கி, வர்றேன் கிட்டு என்று சுவரிடம் சொன்னார். சுவர் மூச்சு மட்டும் விட்டது.

கடைசியில் நாகரத்தினக்காவும் நானும் மட்டும் மிஞ்சினோம். அக்கா சாக்கைக் கழற்றவில்லை. சாக்கோடு வெள்ளையடித்துப் பார்த்தது, ஆகவில்லை. ஒரு சாக்கை மட்டும் ஒதுக்கி அடித்துப் பார்த்தது, நனைந்த சுவரில் சுண்ணாம்பு நிற்காமல் பால்போல் வழிந்து தரைக்கு வந்தது. நஞ்சப்பன் வந்து பார்த்தார், சுவரைக் காயவைக்க வேண்டும் என்றார். காய்ந்தால் இருமுவாருங்க என்றது அக்கா. அது அவருக்கும் தெரியும், அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வார முடிவில் இடிக்கிற இயந்திரம் வந்துவிடும், அதற்குமேல் புது வீட்டுச் சாவி தன் கையில் இருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காய்ந்தால் அவருக்கு மூச்சு இல்லை, காயாவிட்டால் அக்காவுக்கு வீடு இல்லை. நான் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், ஒரு செங்கல்லைப் பெயர்த்துக் கையோடு கொண்டுபோய்விடலாமே என்று. அக்கா அதை யோசிக்காமல் இல்லை, காதை வைத்து நெடுகக் கேட்டுப் பார்த்திருக்கிறது. ப்ளோரூமில் நடந்தபடியே இருந்தவர் சுவருக்குள்ளும் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

"ஒரு செங்கல்லுல நெஞ்சு வருமுங்களா, வயிறு வருமுங்களா?" என்று கேட்டது. "எதைன்னு கொண்டுபோறது தம்பி. அரை ஆளை வெச்சு நாலாவது மாடியில என்னங் பண்றது."

பிறகு அக்காவே ஒரு வழி சொன்னது. இரண்டு நாள் காயட்டும். இருமினாலும் இருமட்டும், ஆயுசெல்லாம் இருமினவருக்கு இரண்டு நாள் என்ன. காய்ந்ததும் ஒரே கையாக வெள்ளையடித்து நஞ்சப்பனிடம் காட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவது, கொடுத்த கையோடு கடைசியாக ஒரு தரம் சாக்கையெல்லாம் நன்றாக நனைத்துப் போட்டுவிட்டுப் போவது, இயந்திரம் வருகிறவரைக்கும் அவர் நிம்மதியாகப் படுத்திருப்பார். அதைவிட நல்ல வழி ஒன்று எங்கள் இரண்டு பேர் தலையிலும் இல்லை.

சாக்குகளை நாங்கள் சேர்ந்துதான் கழற்றினோம். பின்னால் சுவர் கறுத்து, தொட்டால் விரல் பதிகிற மாதிரி இருந்தது. மேலே நான்கு ஓடுகளை நான் விலக்கிவிட்டேன், வெயில் நேராகச் சுவரில் இறங்கியது. உச்சிக்கு முன்னாலேயே கிட்டண்ணன் இருமத் தொடங்கிவிட்டார். சங்குபோல முழங்கிய பழைய இருமல் இல்லை, வறண்டு, முழக்கம் இல்லாமல், கொக்கி வெறும் எலும்பில் உரசுகிற சத்தம். அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் மற்ற மூன்று சுவர்களின் வேலையில் இறங்கியது. ஆணி ஒவ்வொன்றாகப் பிடுங்கியது, குழிகளில் சோப்பைத் தேய்த்தது, இருமல் கேட்கக் கேட்க இன்னும் அழுத்திச் சுரண்டியது, சுரண்டுகிற சத்தத்தில் இருமல் கேட்காது என்று நினைத்ததோ என்னவோ. வாசல் சுவரை அடித்து முடித்தது. பின்சுவரை அடித்து முடித்தது. பஞ்சு வருகிற அந்த ஓட்டையை மட்டும் அடைக்கவே இல்லை. மறுநாள் காலையில் அதிலிருந்து பஞ்சு வரவில்லை, செம்மண் தூள்தான் வந்தது.

அன்றைக்கு நான் காவலிலிருந்து வந்து தூங்கவில்லை, என் பக்கத்துச் சுவர்களைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கிட்டண்ணன் சுவரை நான் தொடவில்லை. கோடையிலிருந்து தண்ணீர் குடித்த மண் சாந்து ஒரே வெயிலில் சுருங்கினால் என்ன ஆகும் என்பதை அப்போதும் நான் நினைக்கவில்லை. மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடியதைப் பார்த்தேன், பழைய சுவரில் கோடு ஓடுவது புதிதா என்று இருந்துவிட்டேன். இருமல் நீளமாக ஒன்று வந்தது, மூன்றாவது இழுப்பு வந்தது, விக்கலுக்காக நான் கையை நிறுத்திக் காத்திருந்தேன்.

விக்கல் வரவில்லை. சுவர் உட்கார்ந்தது. எங்கள் பக்கம் சாயவில்லை, அவர்கள் பக்கம் சாயவில்லை, ஷிப்ட் முடிந்த ஆள் வெளியே வந்து குந்துகிற மாதிரி இருந்த இடத்திலேயே முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. பிறகு தூசி எழுந்தது, சுண்ணாம்பும் செம்மண்ணும் நுண்பஞ்சுமாக, ப்ளோரூம் கதவைத் திறந்துவிட்டதுபோல இரண்டு வீடும் ஒன்றாகி வெள்ளையாகிவிட்டது. எனக்கு என் கையே தெரியவில்லை.

அந்த வெள்ளைக்குள் இருமல் கேட்டது.

"வந்துட்டீங்களா?" என்றது நாகரத்தினக்கா. அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒரு தரமும் கேட்டதில்லை. லைனில் அதைக் கேட்டவர் ஒருத்தர்தான் இருந்திருக்க முடியும். "சத்தங் குடுங்க. எந்தப் பக்கம் இருக்கறீங்க?"

நான் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மறுபடியும் இருமல்தான் வந்தது. நெஞ்சின் அடியில் கொக்கியைப் போட்டு எதையோ மாட்டி இழுத்து, இழுத்தது பாதி வழியில் நழுவி, மறுபடியும் கொக்கி. தூசி மெல்ல மெல்லப் படிய, முதலில் என் கால் தெரிந்திருக்கும், பிறகு என் கைலி, பிறகு நான். அக்கா ஒரு கையை நீட்டியபடி இடிந்த குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. நீட்டிய கை எனக்கு நேராகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அது அப்படியே இருந்தது, பிறகு கீழே இறங்கியது.

குனிந்து குவியலில் காதை வைத்தது. ஒரு செங்கல்லை எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டு ஓரமாக வைத்தது. இன்னொன்றை எடுத்தது. நானும் இந்தப் பக்கமிருந்து எடுத்துக் கேட்டேன். செங்கல் எல்லாம் செங்கல்லாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரம் கேட்டோம் என்று தெரியாது. நேரம் சொல்ல லைனில் இப்போது ஒன்றும் இல்லை. நடுவில் நான் இருமும்போதெல்லாம் அக்காவின் தலை சட்டென்று நிமிரும், அப்புறம் நான்தான் என்று கண்டு தாழும். நான் அடக்கிப் பார்த்தேன். அடங்குகிற இருமலாக அது இல்லை.

நஞ்சப்பன் வந்தார். ஒரு வீட்டு வாசலில் நின்று இரண்டு வீட்டையும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குவியலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கையைக் கட்டி நின்றார், அவரும் காது கொடுத்துப் பார்த்திருப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இல்லாத சுவருக்கு வெள்ளை கேட்க வழியில்லை, இருக்கிற மூன்றையும் முடித்துவிட்டால் சாயங்காலம் வந்து சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்றார். என்னைப் பார்த்து, உனக்கும் மூன்றுதான் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாகரத்தினக்கா எழுந்து முழங்காலைத் தட்டியது. சமையல் மூலையில் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து, சாயங்காலம் சாக்கை நனைத்த பிறகு மாடக்குழியில் வைப்பதற்காக எடுத்து வைத்திருந்த வெல்லக்கட்டியை எடுத்தது. சுவர் இருந்த கோட்டைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்து அதை என் கையில் வைத்தது.

"மென்னு தின்னுங்க தம்பி. முழுங்கிப்போடாதீங்."

நான் மென்றேன். மண்ணும் இனிப்புமாகத் தொண்டையில் இறங்கியது, கொக்கி கொஞ்சம் தளர்ந்தது, தளர்ந்து அங்கேயே இருந்தது. அக்கா மறுபடியும் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. வாளியில் விழுந்திருந்த மண்கட்டிகளைக் கையால் அள்ளி வெளியே போட்டு, அடியில் தங்கியிருந்த சுண்ணாம்பை ஒரு குச்சியால் கலக்கி, வெள்ளையடிக்கிற மட்டையை முக்கி விளிம்பில் இரண்டு தரம் தட்டிவிட்டு, மூன்றாவது சுவரில் விட்ட இடத்திலிருந்து மேலும் கீழுமாக அடிக்கத் தொடங்கியது.